மேலே சந்திப்போம்

இந்த நாட்டில் கூட்டமாகச் சைக்கிள் ஓடப் போகிறவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஒருவர் பின்னால் ஒருவராக, இடையில் ஒரு மாட்டுவண்டி நுழையக்கூடிய இடம் விட்டு, முன்பின் தெரியாதவர்கள்போல ஓடுகிறார்கள். போன கோடை விடுமுறையில் அப்படியொரு வரிசையின் கடைசியில் நானும் ஓடினேன். முன்னால் ஆறேழு மஞ்சள் மேற்சட்டைகள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தில் கடல், நடுவில் ஒடுங்கிய தெரு. படம் எடுத்து அனுப்பினால் ஊரில் வாயைப் பிளப்பார்கள். எனக்கோ, "இஞ்சை பாரன்" என்று காட்ட ஒரு ஆள் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு பட்டினம். ஒருகாலத்தில் மீன் தொழிற்சாலையை நம்பி இங்கே பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். தொழிற்சாலையை மூடியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பார்னஹாகே என்று சொல்லும் பாலர் பள்ளியின் குசினியில் வேலை இருந்ததால் தங்கிவிட்டேன். கணவர் காலமான பிறகு, இந்த ஊரில் தமிழ் பேசுவது நானும் என் ரெலிபோனும்தான். ஒஸ்லோவிலிருக்கும் மகன், "வீட்டை வித்திட்டு எங்களோட வந்து இருங்கோ அம்மா" என்று எந்நாளும் கேட்கிறான். கோடை முடியட்டும், சொல்லுகிறேன் என்று கடத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு இந்த வீடு பிடிக்கும், வேலை பிடிக்கும், யன்னலில் தெரியும் கடலும் பிடிக்கும். இல்லாதது ஒரு சிநேகிதி மட்டும். ஒருத்தி கிடைத்தால் இருப்பது, இல்லாவிட்டால் போவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

பக்கத்து வீட்டு பெரித் ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். வருடக்கணக்காக வேலிக்கு மேலால் "இன்றைக்கு நல்ல வெயில்", "இன்றைக்கு மழை" என்பதோடு எங்கள் உறவு முடிந்துவிடும். அவள் ஒருநாள் கதவைத் தட்டி, "சனிக்கிழமை நாங்கள் தூர் போகிறோம், நீயும் வா" என்றாள். நடை, சைக்கிள், வள்ளம் எதுவானாலும், வீட்டைவிட்டு வெளியே போய்க் களைத்து வருவதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் தூர். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஒரு கலியாண வீட்டுக்குக் காணுமளவுக்கு ரோல்ஸ் சுட்டேன்.

புறப்படும்போது, கூட்டத்தை நடத்திவந்த ஓலா ஒரு விதி சொன்னார். "ஏற்றங்களில் யாரும் யாருக்காகவும் நிற்கவேண்டாம். அவரவர் வேகத்தில் ஏறுங்கள். மேலே சந்திப்போம்." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் துணுக்கென்றது. அப்படியென்றால் எதற்குக் கூட்டமாக வந்தோம்?

எங்கள் தீவான வேலணையில் மலை ஏது? பனைதான் அங்கே உயரம். எங்களுக்கு ஏற்றம் என்றால் காற்று. யாழ்ப்பாணத்தில் ரியூசன் முடிந்து, பின்னேரம் பண்ணைப் பாலத்தால் தீவுக்குத் திரும்பும்போது சோளகக் காற்று முகத்தில் அறையும். இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. ஹான்டிலையும் பிடிக்கவேண்டும், பாவாடையையும் பிடிக்கவேண்டும். நான் அந்த நாளில் எலும்பும் தோலும். பாதித் தூரத்தில் சைக்கிள் நின்றுவிடப் பார்க்கும். அப்போது என் முதுகில் ஒரு கை வந்து விழும். அது அடுத்த வளவு மலரின் கை. ஒரு கையால் தன் ஹான்டிலைப் பிடித்தபடி மறுகையால் என்னைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வருவாள்.

"எடியே, ஏலாதெண்டா உழக்காதை. ஹான்டிலை மட்டும் நேரா பிடி. நான் தள்ளுறன்."

நான் கேட்பதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. பாலத்தில் போகும் பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தான், ஒருவர் தோளில் ஒருவர் கை. பஸ்காரர் ஹோர்ன் அடித்து ஏசிக்கொண்டு போவார்கள். ஒருத்தி பிந்தி வந்தால் முந்தி வந்தவளுக்குத்தான் வீட்டில் பேச்சு விழும், "அந்தப் பிள்ளையைப் பாலத்தில விட்டிட்டோ வந்தனீ?" என்று.

நோர்வேயில் நான் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். கால்கள் இப்போது உரமாகிவிட்டன. முதல் ஏற்றத்தில், எனக்கு முன்னால் போன பெரித் திணறுவதைக் கண்டேன். சைக்கிள் இடமும் வலமுமாக ஆடியது, மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. எட்டி உழக்கி அவளுக்குப் பக்கத்தில் போனேன். வாழ்நாளில் முதல்முறையாக நான் மலராக இருக்கலாம் என்ற சந்தோசத்தில் அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன்.

பெரித் சடாரென்று பிறேக் பிடித்தாள். இரண்டு பேரும் விழாமல் தப்பியது அருந்தப்பு.

"நை! என்னைத் தொடாதே!" முகம் சிவந்திருந்தது. "கிளாரெ செல்."

நானே செய்வேன் என்று அர்த்தம். பார்னஹாகேயில் மூன்று வயதுக் குஞ்சுகள் சப்பாத்தோடு மல்லுக்கட்டும்போது, உதவிக்குக் குனிந்தால் இதைத்தான் கத்துவார்கள். இந்த நாட்டின் முதல் பாடம் அது. நானும் தினமும் கேட்கிறேன். என்றாலும் என் கை தானாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள்.

மதியம் கடலைப் பார்த்த ஒரு பாறையில் சாப்பாடு. அவரவர் அவரவருடைய பாண் துண்டுகளைப் பிரித்தார்கள். என் ரோல்ஸை மரியாதைக்குப் பாதிப் பாதியாக எடுத்து, "நல்ல உறைப்பு" என்றார்கள். பெரித் "நை தக்", வேண்டாம் நன்றி, என்று ஒதுங்கி உட்கார்ந்துவிட்டாள். நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டதுபோல, வேலிக்கு மேலால் இருந்த அந்த வெயில் மழைப் பேச்சையும் கெடுத்துக்கொண்டேனே என்று நொந்தேன். ஒஸ்லோவுக்குப் போகத்தான் வேண்டும் என்று அந்தப் பாறையிலேயே எழுதி வைத்தாயிற்று.

பின்னேரம் கடைசி ஏற்றம். கடலிலிருந்து எதிர்காற்று வேறு பிடித்துக்கொண்டது. வெறும் வயிற்றில் எனக்குக் கால் ஓயத் தொடங்கியது. ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். பெரித்தும் கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் நான் தனியே. மேலே பார்த்தால் மஞ்சள் மேற்சட்டைகள் எல்லாம் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவராவது இறங்கி வரமாட்டார்களா என்று நினைத்தேன். வரமாட்டார்கள் என்று தெரிந்தும் என் முதுகு ஒரு கைக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். அழுதுகொண்டே உழக்கினேன்.

உச்சிக்கு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பெரித் ஓடி வந்து என் சைக்கிளைப் பிடித்தாள். போத்தலில் இருந்த கோப்பியை ஊற்றித் தந்தாள்.

"நீயே ஏறிவிட்டாய்!" என்றாள். பிறகு மெதுவாக, "போன வருடம் எனக்கு முழங்கால் ஒப்பரேசன். அதற்குப் பிறகு ஏறும் முதல் மலை இது. காலையில் நீ தள்ளியதும், இவளுக்கு இனி ஏலாது என்று நீ நினைத்துவிட்டாய் என்று கோபம் வந்தது. இப்போது நீ கஷ்டப்பட்டபோது இறங்கி வரத்தான் நினைத்தேன். ஆனால் உன்னுடைய மலையை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை" என்றாள்.

கண் கலங்கியிருந்தது அவளுக்கு. இது இவர்களுடைய அன்பு என்று அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்று இரவே மகனை அழைத்து, நான் இங்கேயே இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சரி அம்மா என்றான், அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுநாள் வேலணைக்கு ரெலிபோன் எடுத்தேன். மலர் இப்போதும் அங்கேதான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, அதே வளவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். உச்சியில் எல்லோருமாக நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தேன்.

"உந்த மலையையோ ஏறினனீ?"

"ஓம் மலர்."

"ஆர் தள்ளினது?"

"ஒருத்தரும் தள்ளேல்லை. நானேதான் ஏறினனான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

 

"ஐயோ, பாவமடி நீ" என்றாள் மலர். "அத்தினை பேர் போயும் ஒருத்தர்கூடவோ பிடிக்கேல்லை?"

"அப்பிடியில்லையடி. இஞ்சத்தைப் பழக்கம் வேறை. நான் ஏறி வர எல்லாரும் கைதட்டினவை."

"கைதட்டினவையோ?" அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "கையைச் சும்மா வைச்சுக்கொண்டோ நிண்டவை?"

யன்னலுக்கு வெளியே பெரித் தன் சைக்கிளோடு வேலியடிக்கு வந்து, போவோமா என்று சைகையால் கேட்டாள். ஓம் என்று தலையாட்டி, சிரித்துக் கையசைத்தேன்.

"என்னடி, அழுகிறியோ?" என்றாள் மலர்.

"இல்லையடி," என்றேன். "இஞ்சை சரியான குளிர்."