இரண்டாம் சுற்றுக்கு வராதவர்

கொச்சியை அடுத்த களமசேரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். என் கணவர் மழைக்காலத்தில் மாரடைப்பில் இறந்தார். காரியம் முடிந்த மறு வாரமே வகுப்புக்குப் போய்விட்டேன். பார்த்தவர்கள் தைரியசாலி என்றார்கள். தைரியமுமில்லை, மண்ணுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடந்தேன், அவ்வளவுதான்.

வீட்டுப் பக்கம், கொச்சங்காடியில் நான் காய் வாங்கும் கடைக்காரர் தேனிப் பக்கத்துக்காரர். சாவு நடந்தபோது அவர் தன் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்த பிறகும் யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

"என்னக்கா, சாரைக் காணோம்? ஊருக்குப் போயிருக்காரா?"

"ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் வழக்கம்போல, சாருக்கென்று பாகற்காய் எடுத்துப் போட்டார். எனக்குப் பாகற்காய் ஆகாது. வாங்கிவந்து பிரிட்ஜில் வைப்பேன். பழுத்து மஞ்சளானதும் தூக்கிப் போடுவேன். அடுத்த வாரம் மறுபடி வாங்குவேன்.

அப்போது என் வகுப்பில் சூடானிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இருந்தாள். சேமித்து வைத்த சோளம் மழைக்காலத்தில் பூச்சி பிடிக்காமல் இருக்க அவள் ஊர்ப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவளுடைய கட்டுரை. எல்லாம் போனில் கேட்டு எழுதினாள். மழைக்கு முன் ஒரு சுற்று, மழைக்குப் பின் ஒரு சுற்று. முதல் சுற்றில் நன்றாகப் பதில் சொன்னது அவள் அம்மா. எந்த விறகின் சாம்பலைக் கலக்க வேண்டும் என்பதுவரை சொல்லியிருந்தார். அம்மாவையே பேட்டி எடுக்கிற ஆராய்ச்சியும் ஓர் ஆராய்ச்சியா என்று அப்போதே முணுமுணுத்தேன்.

இரண்டாம் சுற்றுக்குள் சண்டை அந்த ஊருக்கு வந்துவிட்டது. மற்ற பெண்கள் தப்பிப் போன இடங்களிலிருந்து பேசினார்கள். அம்மாவின் போன் மட்டும் அடிக்கவே இல்லை.

இரண்டு சுற்றிலும் பதில் சொன்னவர்கள்தான் அட்டவணையில் இருக்கலாம். வராதவரின் வரியை நீக்கிவிட வேண்டும். நானே போர்டில் எழுதிப் போட்ட விதி அது. அந்த வரியோடு போனால் கட்டுரை திரும்பி வரலாம். கட்டுரை திரும்பினால் அவளுக்குப் படிப்பும் முடியாது, விசாவும் நீளாது. திரும்பிப் போக ஊரும் இல்லை.

"அந்த வரியை எடுத்துவிடு" என்றேன். பஸ் நேரம் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

அவள் அழவில்லை. எழுத்துக்கூட்டுவது போன்ற நிதானமான ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "எடுக்க மாட்டேன் மேடம். அம்மா பதில் சொல்ல மறுக்கவில்லை. இறந்துவிட்டதாகவும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே நானே எடுத்துவிடுகிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

சொன்னேன்தான். என் பேச்சை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அம்மாவின் வரி அட்டவணையில் அப்படியே இருந்தது. கூட்டலில் சேர்க்காமல், இரண்டாம் சுற்றுக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டோம். கீழே, 'தொடர்புகொள்ள முடியவில்லை, பதில் எதிர்பார்க்கப்படுகிறது' என்று ஒரு குறிப்பு. கேள்வி வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். கேள்வி வந்தது. பேசினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொண்ட அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மலையாளத்தில், தெளிவாகவே சொன்னார்.

கொச்சங்காடியில் இறங்கிக் கடைக்குப் போனேன். பாகற்காய் அதற்குள் தராசில் ஏறியிருந்தது.

"சார் இன்னும் வரலையாக்கா?"

"அவர் இறந்துட்டார். மழை சமயத்துலயே."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, தராசிலிருந்த பாகற்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் திரும்பப் போட்டார். தட்டு காலியாகி மேலே எழும்பியது. அப்போதுதான் எனக்கு வலித்தது.