ஏரிப் பயணத்துக்குப் போகாத வாரம்

அந்த மருத்துவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது அவருடைய நன்மைக்காகவா, என் தலைவரின் முகம் கறுப்பதைப் பார்ப்பதற்காகவா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

சூரிச்சில் ஒரு பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் புள்ளியியலாளராக இருக்கிறேன். ஆப்பிரிக்க நாடுகளில் ஆராய்ச்சித் திறனை வளர்ப்பது எங்கள் திட்டம். மகள் பிறந்து, விடுப்பு முடிந்து திரும்பியபோது, நான் செய்துவந்த பகுப்பாய்வு வேறொருவரின் மேசைக்குப் போயிருந்தது.

"உங்கள் மனம் இனி வீட்டில்தான் இருக்கும்," என்றார் தலைவர். "பயிற்சி வகுப்பை எடுங்கள். லேசான வேலை."

தலையாட்டினேன். ஒருவேளை அவர் சொல்வது சரிதானோ என்றுகூட யோசித்தேன். ஆனால் வீடிருக்கும் ஓர்லிகோனுக்குப் போகும் ரயிலில் மகளின் தொப்பியை மடித்து மடித்து விரித்தபடி, இந்த மனிதரை ஒரு நாள் பலர் முன்னால் தோற்கடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பின் அட்டவணையும் அவர் போட்டதுதான். முதல் வாரம் இரத்த மாதிரி எடுப்பது, கேள்விகள் கேட்பது, தரவுகளைக் கணினியில் ஏற்றி எங்களுக்கு அனுப்புவது. இரண்டாம் வாரம் சாக்லேட் தொழிற்சாலை, மலை ரயில், ஏரியில் கப்பல். அந்தத் தரவுகளை ஆராய்வது எப்படி என்பது எங்கும் இல்லை. அது எங்கள் வேலை. கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

வந்தவர்களில் தான்சானியாவைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் இருந்தார். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர். காய்ச்சலோடு வரும் குழந்தைகளைப் பற்றியது அவருடைய ஆய்வு. "எங்கள் பிள்ளைகளைப் பற்றி இங்கே எல்லாம் தெரிகிறது. எங்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை," என்றார்.

கப்பலை விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். "எங்கள் ஊர் ஏரியில் உங்கள் ஏரியைப் போட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும்."

மற்றவர்களும் சம்மதித்தார்கள். இரண்டாம் வாரம் முழுவதும் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில், அவர்களுடைய தரவுகளை வைத்தே, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். நடுவில், மகளை விட்டிருந்த குழந்தைகள் காப்பகமான கிரிப்பேயிலிருந்து அவளுக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தது. கணவரை அழைத்தேன்.

"நான் போறன், நீர் படிப்பியும்," என்றார். பிறகு, "உமக்குப் படிப்பிக்கிற ஆசையோ, அந்தாளைப் பழிவாங்கிற ஆசையோ?"

"ரெண்டும்தான்."

"எது கூட?"

தொலைபேசியை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

அடுத்த ஆண்டு நடந்த திட்டக் கூட்டத்தில், தரவுகளை எங்களுக்கு அனுப்புவதற்கான புதிய ஒப்பந்தத்தைத் தலைவர் மேசையில் வைத்தார். அதற்கு வந்திருந்த தான்சானிய மருத்துவர் தன் மடிக்கணினியைத் திறந்து, தான் கண்டறிந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். "தரவுகள் இனி எங்களிடமே இருக்கும். நீங்கள் வந்து பார்க்கலாம்," என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று தலைவர் கேட்டதும், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கள் வேலையை நீங்களே வெளியே அனுப்பிவிட்டீர்கள்," என்றார் என்னிடம்.

"திட்டத்தின் பெயரே திறனை வளர்ப்பதுதானே," என்றேன். அந்த வசனத்தை இப்போதும் சமைக்கும்போது ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சோறு ருசிக்கும்.

போன கிழமை இந்த ஆண்டுக்கான அட்டவணை வந்தது. கப்பல் பயணம் இரண்டு நாளாகியிருக்கிறது. "மாற்றங்கள் வேண்டாம்," என்று கீழே அவரே எழுதியிருக்கிறார். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அவர்தான். வேலை போனால், கட்டணம் கட்ட முடியாமல் மகளின் கிரிப்பே இடமும் போய்விடும்.

"இந்த முறை பேசாமல் கப்பல்லை ஏறும்," என்கிறார் கணவர்.

இம்முறை வருகிறவர்களில் ஒருவர், அந்த மருத்துவர் சொல்லித் தன் தரவுகளையும் கொண்டுவருவதாக எனக்கு எழுதியிருக்கிறார். தலைவரின் முகம் இன்னொரு முறை கறுப்பதைப் பார்க்கவும் எனக்கு ஆசையாக இருக்கிறது. பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்: இந்த முறையும் நான் வகுப்பறைக் கதவைச் சாத்தட்டுமா?