திராட்சைக்குள்ளால் ஒரு சைக்கிள்

சிட்னியில், பரமட்டா ஆற்றோரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். போன ஞாயிறு, காலை ஒன்பது மணி. எனக்குப் பின்னால் காபிக் கடை வாசலில் ஏழு பேர். எல்லோரும் தமிழர், எல்லோரும் இறுக்கமான கால்சட்டை. டயரின் அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு மில்லிமீட்டரா, நாற்பதா? அரை மணி நேரம் கேட்டேன். பிறகு ஒருவர் தன் சைக்கிளின் எடையைக் கிராம் கணக்கில் சொன்னார். எழுந்து நடந்துவிட்டேன்.

பாதியில் எழுந்து நடப்பது எனக்குப் புதிதா என்ன? எட்டாம் வகுப்பில் தொடங்கிய பழக்கம்.

"அங்கிள்! நில்லுங்க அங்கிள்!"

கார்த்திக். கோயம்புத்தூர்க்காரன், கிரவீனில் வீடு, ஐடி வேலை. என்னை இந்தக் குழுவுக்குள் இழுத்து வந்தவன் அவன்தான். 'அண்ணா' என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டேன்... கேட்பதாயில்லை.

"கோச்சுக்கிட்டீங்களா?"

"முழங்கால் நோகுது தம்பி."

"சும்மா சொல்றீங்க. சரி, இத மட்டும் பாத்துட்டுப் போங்க."

போனை நீட்டினான். இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி, நடுவில் வெள்ளைச் சரளைக்கல் பாதை. ஹெல்மெட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறார். பிரான்ஸில், பர்கண்டியில் ஆறு நாள் சைக்கிள் சுற்றுலா. உங்கள் பெட்டியை டூர்க்காரர்களே வண்டியில் கொண்டுபோய் அடுத்த ஹோட்டலில் வைப்பார்களாம்.

"செப்டம்பர்ல போறோம் அங்கிள். ஃபுல்லா கிராவல். ஒரு கார் கிடையாது, ஒரு லாரி கிடையாது. அதுக்குத்தான் அவ்ளோ காசு."

"தெரியும். அதாலை நான் போயிருக்கிறன்."

"எது, பிரான்ஸா?"

"இந்தப் பாதையாலை. சைக்கிளிலை."

என்னை ஒரு தரம் பார்த்தான். என் சைக்கிளை ஒரு தரம் பார்த்தான்.

"எந்த டூர் கம்பெனி?"

"குகன் அண்ணை."

"வெப்சைட் இருக்கா?"

அவனுக்கு முழுக் கதையும் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது, அவனுக்குக் குழு காத்திருந்தது. உங்களுக்கென்ன, உட்கார்ந்துதானே வாசிக்கிறீர்கள்?

இருபத்தைந்து வருடம் இருக்கும். பாரிஸில் என் அகதிக் கேஸ் நடந்துகொண்டிருந்த காலம். வேலை செய்ய அனுமதி இல்லை. செய்யாமல் இருக்க வழியும் இல்லை. செப்டம்பரில் திராட்சை பிடுங்க ஆள் தேவை என்று ஒரு வேன்காரர் எங்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனார். பர்கண்டியில், போன் என்ற ஊருக்குத் தெற்கே, பொம்மார் என்ற கிராமத்தில் ஒரு தோட்டம். மூன்று வாரம் வேலை, சாப்பாடு, கொட்டிலுக்கு மேலே படுக்கை.

படுக்கைதான் முக்கியம். பாரிஸ் அறையில் என்னுடைய பாயை அந்த மூன்று வாரத்துக்கு வேறொரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இடையில் திரும்பினால் நான் படுப்பது ரயில் நிலையத்தில்தான். அதை ஏற்கெனவே இரண்டு மாதம் செய்தவன். திரும்பவும் செய்யும் ஆசை இருக்கவில்லை.

நான்காம் நாள் காலை. முதல் நாள் பிடுங்கிய திராட்சை முற்றத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. பெட்டிகளைச் சாறு பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். தூக்கும்போது பார்த்தேன்: பழம் முழுக்க வெள்ளையாய் ஒரு பூச்சு, தூசி, சிலந்தி வலை. மருந்து அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இதை அப்படியே பிழிந்தால் குடிக்கிறவன் என்ன ஆவான்? எங்கள் வீட்டில் எந்தப் பழமும் கழுவாமல் வாய்க்குள் போனதில்லை. சுவரில் தண்ணீர்க் குழாய் சுருட்டித் தொங்கியது...

நாற்பது பெட்டி. ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிக் கழுவினேன். யாரும் கேட்காமலே செய்கிறேன், முதலாளி சந்தோஷப்படுவார் என்று வேறு நினைப்பு.

முதலாளி வந்தார். கத்தவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த வெற்றுப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்த வெள்ளைப் பூச்சோடு ஒட்டியிருக்கிற ஏதோ ஒன்றுதான் சாற்றைப் புளிக்கவைத்து வைன் ஆக்கும், கழுவினால் அதுவும் போய்ச் சாற்றில் தண்ணீரும் சேரும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். என் பையை யாரோ கீழே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

எங்கள் எட்டுப் பேரில் மூத்தவர் குகன் அண்ணை. பருத்தித்துறைக்காரர். வாயைத் திறந்தால் பகிடி, ஆனால் அன்றைக்குச் சிரிக்காமல் கேட்டார்.

"ஏன்டா, சவுக்காரம் போடேல்லையே?"

எனக்கு அழுகை வந்தது. அவர் கொட்டிலுக்குப் பின்னால் போய், எங்கேயோ குப்பையில் எடுத்துத் திருத்தி வைத்திருந்த தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முன் பிரேக் மட்டும் பிடிக்கும்.

"இந்தா, இதைக் கொண்டு போ. சாந்தனே எண்டு ஒரு ஊர். அதைத் தாண்ட ஒரு கால்வாய். கரையாலை போய் மூண்டாவது மதகிலை இடப்பக்கம் திரும்பினா, வாசலிலை பச்சைக் கேற். ஒரு மதாம் நடத்துற தோட்டம், போன வருசம் நான் அங்கை நிண்டனான். அவையின்ரை பழம் இந்த வருசம் பிந்தித்தான் பழுக்குதாம். ஆள் எடுப்பா."

"எடுக்காட்டி?"

"எடுப்பா. ரோட்டாலை மட்டும் போகாதை. இந்த நாளையிலை பொலிஸ் மறிக்கும், உன்ரை கேஸ் முடிஞ்சுது. திராட்சைக்குள்ளாலை போ."

கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் கத்தினார். "டேய்! கழுவின கதையை அங்கை சொல்லிப்போடாதை!"

இப்படித்தான் நான் அந்தப் பாதையில் ஏறினேன். கார்த்திக் பணம் கட்டிப் போகிற பாதை. டிராஃபிக் இல்லை என்பதற்காகத்தான் நானும் அதை எடுத்தேன். என் டிராஃபிக்குக்குத் தொப்பி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் அரை மணி நேரம் தலையை நிமிர்த்தவில்லை. சரளைக்கல்லில் சக்கரம் நொறுநொறு என்று அரைபடும் சத்தம் ஊருக்கே கேட்கும் என்று பயம். பிறகு ஒரு மேட்டில் ஏறி மூச்சு வாங்க நின்றேன்.

ஒருவரும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை திராட்சை. தலை வாரியது போல வரிசை வரிசையாய். தூரத்தில் ஒரு வரிசைக்குள் குனிந்திருக்கிற நாலைந்து முதுகுகள், அவர்கள் பாடுவது விட்டு விட்டுக் கேட்டது. மெர்சோ என்ற ஊரின் கோபுரம் மட்டும் கொடிகளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. காற்றில் புளித்த பழ வாசம். நான் அங்கே நின்று... என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? சிரித்தேன். வேலை இல்லை, படுக்கை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. என்னைத் தேடவும் ஆளில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் குகன் அண்ணைக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கும் ஏறத்தாழத்தான்.

இறக்கத்தில் இரண்டு காலையும் அகட்டி நீட்டிக்கொண்டு விட்டேன். ஒரு முயல் குறுக்கே ஓடியது. ஒரு டிராக்டர்காரர் ஓரமாக நிறுத்தி வழிவிட்டுத் தொப்பியைத் தொட்டார். எனக்கு! பாரிஸில் இரண்டு வருடத்தில் எனக்கு யாரும் வழி விட்டதில்லை. சாந்தனே தாண்டிக் கால்வாய்க் கரைக்கு வந்தபோது பின்னேரமாகிவிட்டது. பச்சைத் தண்ணீர், இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், மேடு பள்ளமே இல்லாத மண் பாதை. பையில் இருந்த பாண் ரொட்டியை ஒரு கையால் தின்றுகொண்டே ஓட்டினேன். முதல் மதகு, இரண்டாவது மதகு... மூன்றாவது வரவே வேண்டாம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஓட்டிவிட்டேன். மெல்பேர்னில் டாக்ஸி, சிட்னியில் டெலிவரி வேன். நல்ல ரோடு, நல்ல சீட், பாட்டு வேறு. அந்த முப்பது கிலோமீட்டர் மாதிரி ஒன்றும் அமையவில்லை. மனுசனுக்குச் சந்தோஷம் வருவதற்கு ஒழுங்கான காரணம் தேவையில்லை போலிருக்கிறது. சில நேரம் பயந்து ஓடுகிற வழியில்கூட அது உட்கார்ந்திருக்கிறது.

பச்சைக் கேற் வந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டுத் தட்டினேன். வந்தவள் அந்த மதாம்தான். ஐம்பது வயது, ரப்பர் பூட்ஸ், கையில் கத்தரிக்கோல். என் பிரெஞ்சு அரைகுறை. வேலை வேண்டும் என்றேன். எங்கிருந்து வருகிறாய்? பொம்மார். அவள் முகம் மாறியது. பொம்மாரில் இப்போதுதானே தொடங்கினார்கள், ஏன் விட்டுவிட்டு வந்தாய்?

வழி முழுக்க ஒரு பொய்யைத் தயாராக்கி வைத்திருந்தேன். அங்கே வேலை முடிந்துவிட்டது என்று சொல்வதாக இருந்தேன். அது அந்தக் கேள்வியோடேயே செத்துவிட்டது. இவள் வேண்டாம் என்றால் இன்றைக்கு எங்கே படுப்பது? ரயில் நிலையம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளோ கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"கழுவினேன்," என்றேன்.

"எதை?"

"திராட்சையை. எல்லாவற்றையும்." கையில் குழாய் பிடித்த மாதிரி வைத்து, 'ஷ்ஷ்ஷ்' என்று காட்டினேன்.

கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது. பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர். புருசனைக் கூப்பிட்டாள். அவனுக்கும் செய்துகாட்டு என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அன்றைக்கு அந்த முற்றத்தில் தண்ணீரே இல்லாமல் மூன்று தரம் திராட்சை கழுவினேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள். "என் திராட்சைக்குப் பத்து மீட்டருக்குள் நீ வரக்கூடாது."

சைக்கிளைத் திருப்பினேன். வேறென்ன செய்வது?

"நில். எங்கள் சமையல்காரி மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று மத்தியானம் போய்விட்டாள். உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

பாரிஸ் அறையில் என் சமையல் முறை வரும்போதெல்லாம் அதைக் கொடுத்துவிட்டுச் சட்டி கழுவும் முறையை வாங்கிக்கொள்பவன் நான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை உண்மைதான் ஒரு மனுசன் சொல்வான்?

"தெரியும் மதாம்," என்றேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிற குசினியில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அடுப்பைப் பற்றவைத்தேன்.