பலாப்பழத்துக்கு எடுத்த ஸ்கேன்

ஜெர்மனியின் எசன் நகரில் நான் வேலை செய்த ஆய்வகத்தில், காந்தத்தால் உடம்புக்குள் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருந்தது. சோதனை ஓட்டத்துக்கு அன்னாசிப்பழம்தான் வைப்போம். ஒருமுறை, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்துவிட்டார்.

"தம்பி, உள்ள பழுத்திட்டுதோ எண்டு உங்கட மெசின்ல பாக்க ஏலாதோ?"

நான் மொழிபெயர்த்துச் சொல்ல, என் ஜெர்மன் பேராசிரியர் சந்தோஷமாகச் சம்மதித்தார். ஆனால் விதிமுறையை விடாத மனிதர். இயந்திரம் கேட்கிறதே என்று பழத்தின் எடை, பிறந்த தேதி எல்லாம் பதிந்தார். ஆணா பெண்ணா என்றும் கேட்டது. அக்கா யோசித்து, "பொம்பிளை எண்டு போடச் சொல்லுங்கோ" என்றார்.

காந்த அறை வாசலில், உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைப் பேராசிரியர் பழத்தின் மேல் ஓட்டினார். காம்பருகே அது கீச்சிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"கெதியாப் பழுக்கட்டும் எண்டு ஆணி ஒண்டு அடிச்சனான்."

"அக்கா! இந்தக் காந்தம் அதைத் தோட்டா மாதிரி இழுத்திருக்கும்!"

"நோயாளிக்கு முதலில் அறுவைச் சிகிச்சை" என்றார் பேராசிரியர், சிரிக்காமலே. நான் குறட்டால் ஆணியைப் பிடுங்கினேன். கையெல்லாம் பிசின். மறுபடி சோதித்துவிட்டு உள்ளே அனுப்பினோம்.

திரையில் சுளைகள், கருப்பைக்குள் சுருண்ட குழந்தைகளைப் போல வரிசையாகத் தெரிந்தன. பேராசிரியர் எழுந்து அக்காவின் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

"அது இருக்கட்டும். பழுத்திட்டுதோ எண்டு கேளுங்கோ."

அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அக்கா வீட்டுச் சமையலறையில் வெட்டிப் பார்த்தோம். சுத்தக் காய். அக்கா அதைக் கறியாக்க, பேராசிரியர் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.