தகரத்தில் போட்ட ஓட்டை

பிள்ளைகளே, நேற்று நம் பெரியவன் போன் கடை வேலைக்குப் பயிற்சி என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தான். வாடிக்கையாளர் எதைச் சொல்லி மறுத்தாலும், முதலில் "நீங்க சொல்றது சரிதாங்க" என்று தொடங்க வேண்டுமாம். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வார்த்தையை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நானும் சொல்லித் திரிந்தவன்.

கரண்ட் வராத லயங்களுக்குச் சோலார் பல்பு விற்ற காலம் அது. கழுத்தில் டை, காலில் சப்பாத்து, சப்பாத்துக்குள் ரத்தம் உறிஞ்சும் அட்டை. பேசிக்கொண்டே ஒரு காலால் மறுகாலைத் தேய்ப்பேன். பல்பைவிட அதைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

லயத்து ஆட்கள் வந்தவனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தேத்தண்ணி தருவார்கள், "பாப்போங்க" என்பார்கள். அவ்வளவுதான், நடையைக் கட்ட வேண்டியது. அதனால் யாராவது மறுத்துப் பேசினால் எனக்குச் சந்தோஷம். பனியில் எரியுமா, தோட்டத்துத் தொரை ஏசுவாரா, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கொழுந்தெடுக்கும் மருதாயி அக்கா கேட்டதற்குத்தான் இல்லை.

"ஏன் தம்பி, அந்தச் சோலார் தட்ட மாட்டக் கூரையில ஓட்ட போடுவீங்கல்ல? மழைக்கு ஒழுகுனா யாரு பாக்குறது? தோட்டத்துல புதுத் தகரம் கேட்டுக் கேட்டே எங்க மாமனாரு போய்ச் சேந்துட்டாரு."

எங்கள் கம்பனியின் பதுளைக் கந்தோரில் மேனேஜர் செல்வம். அவனும் நானும் ஒரே லயத்தில் பிறந்து ஒரே பள்ளிக்கூடம் போனவர்கள். "ரப்பர் வச்சுத்தான் ஆணி அடிப்போம் மச்சான். ஒழுகுனா அடுத்த நாளே ஆள் அனுப்புறேன். தைரியமாச் சொல்லு" என்றான். சொன்னேன்.

"ஒன் மொகத்துக்காக வாங்குறேன்டா" என்றார் அக்கா. அவரைப் பார்த்து லயமே வாங்கியது.

மாட்ட வந்தவர்கள் ரப்பர் வைக்கவில்லை. முதல் மழைக்கே அக்காவின் அடுப்பு நனைந்தது. வீடெல்லாம் ஈரக் கம்பளி வாடை. செல்வத்திடம் ஓடினேன்.

"கூர தோட்டத்தோடது மச்சான். நாம வித்தது பல்பு. அது எரியுதில்ல?"

"ஆள் அனுப்புறேன்னு நீதானடா சொன்ன?"

"அப்படிச் சொன்னாத்தான நீ போய்ச் சொல்லுவ. லயத்து ஆள வேலைக்கு எடுத்ததே அதுக்குத்தான்."

ஒழுகும் மழைக்குச் சட்டி வைத்த வீட்டில் வளர்ந்தவன், அதைச் சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான்.

பிறகு அந்த லயத்துக்குப் போனபோது யாரும் என்னை ஏசவில்லை. புதுச் சாமான் ஒன்றைக் காட்டினேன். மருதாயி அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பாப்போங்க" என்றார். அந்த 'ங்க' இன்னும் காதில் கிடக்கிறது.

இப்போது அங்கெல்லாம் கரண்ட். அந்தப் பல்புகள் இல்லை, அந்தக் கம்பனி இல்லை. மச்சான் என்று நான் கூப்பிடவும் யாரும் இல்லை.

அன்று வேலையை விட்ட கிழமையில் ஒரு நாள், எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போன நேரம் பார்த்து, பசறையில் வாங்கிய தாரோடு அக்கா வீட்டுக் கூரையில் ஏறினேன். ஆணிகளைச் சுற்றிப் பூசினேன். காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு இறங்கி வந்து, பூட்டியிருந்த கதவில் காதை வைத்துக் கேட்டேன்.