பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றில் சாமி கொடுத்த திதி

மாசி மகத்துக்கு முதல் நாள் காலை ஐந்தரை மணிக்குப் போளூரில் வண்டி ஏறினோம். வேலூரிலிருந்து வரும் திருவண்ணாமலை பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். மகமும் பௌர்ணமியும் சேர்ந்து வந்ததால் கிரிவலம் போகிறவர்கள் வேலூரிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எப்படியோ ஜன்னலோரம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் எனக்கு முன் சீட்டில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் டிக்கெட் போட வந்ததும் அந்தப் பெரியவர் எழுந்து நின்றார். முட்டி வலி போலிருக்கிறது, கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்து, இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். கண்டக்டர், "இன்னா பெரியவரே, அண்ணாமலை இன்னும் தூரம் கீது, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மீதிச் சில்லறை கொடுக்க அவர் திரும்பி வந்தபோது பெரியவர் மறுபடியும் எழுந்தார்.

"அவரு இன்னா கலெக்டரா? உக்காருங்கண்ணா" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

பெரியவரும் சிரித்தார். "பழக்கம்லா. எங்க தோட்டத்துல கிராணி வந்தா எழுந்து நிக்கணும். சின்னதுலேர்ந்து அப்படியே வந்துருச்சு."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். பெரியவர் பெயர் பெருமாள், மலேசியாக்காரர். ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து, பால்மரம் வெட்டி, பிறகு லாரி ஓட்டி, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில், பஞ்சத்தின்போது, அவருடைய தாத்தாவின் அப்பா அம்மாவை ஆள் பிடிக்கிறவன் கப்பல் ஏற்றிக் கொண்டுபோனானாம். வட ஆற்காடு ஜில்லா என்பது மட்டும் தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. போய்ச் சேர்ந்த சில வருஷத்திலேயே இரண்டு பேரும் காட்டுக் காய்ச்சலில் போய்விட்டார்கள். பேச்சுகூட வராத அவர்கள் பிள்ளையை லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கு ஒரு கவளம் ஊட்டி வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைதான் பெருமாள் அண்ணனுடைய தாத்தா. அப்பா அம்மா பேர் என்ன என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. கிராணி கணக்கில் எல்லாருக்கும் நம்பர்தானாம்.

தோட்டத்தில் இருந்த சுடுகாடும் இப்போது இல்லையாம். தோட்டத்தை விற்றார்கள், மரத்தை வெட்டினார்கள், அதன் மேல் ரோடு போட்டுவிட்டார்கள். "சமாதியும் போச்சு, பேரும் இல்ல. நானும் கண்ண மூடிட்டா அப்படி ரெண்டு பேர் இருந்தாங்கன்னு சொல்லவே ஆள் இல்லம்மா. அதான் ஒரு திதி கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். முட்டி இருக்கிற நிலைமையில் இனி ஒரு தரம் வர முடியாது என்றும் சொன்னார்.

கலசபாக்கம் தாண்டியதும் மலை தெரிந்தது. எத்தனை தரம் வந்திருப்பேனோ, முதலில் மலை கண்ணில் படும்போது என் கை தானாகக் குவியும். அன்றைக்கு அடிவாரத்தில் பனி வெள்ளையாகப் படுத்திருந்தது. மலை மேலே தனியாக, ஆகாசத்திலிருந்து இறக்கி வைத்த மாதிரி நின்றது. வண்டியில் யாரோ அரோகரா என்றார்கள். பெருமாள் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்தத் தரம் அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பௌர்ணமி நாளில் திருவண்ணாமலையில் ரூம் கிடைக்காது. எங்கள் ஊர்க்காரர்கள் தங்குகிற மடத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டோம். குளித்துவிட்டு, பத்து மணிக்கு அய்யங்குளம் போனோம். அமாவாசை இல்லாததால் படிக்கட்டு காலியாக இருந்தது. ஒரே ஒரு புரோகிதர் இருந்தார். நல்ல மனுஷர். ஊர், கோத்திரம், மூன்று தலைமுறைப் பேர் என்று வழக்கம்போல் கேட்டார். அப்பா பேரைச் சொன்னார் அண்ணன், தாத்தா பேரைச் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

புரோகிதர் அவசரப்படுத்தவில்லை. பேர் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது, பேர் அறியாதவர் என்று சொல்லியே எள்ளும் தண்ணீரும் விடலாம், போய்ச் சேரும் என்றார். பெருமாள் அண்ணன் தர்ப்பையைக் கழற்றி நனைந்த படியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"வேணாம் சாமி. அங்க அவங்களப் பேர் சொல்லி யாரும் கூப்பிடல. இங்க வந்து நானும் பேர் இல்லாதவங்கன்னு சொல்லணுமா?"

மடத்துக்குத் திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் என் வீட்டுக்காரர் நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னார். திருவண்ணாமலையை ஆண்ட வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை கிடையாது. கவலைப்பட்டவருக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்து மடியில் கிடந்தார். ராஜா போன பிறகு யார் காரியம் செய்வது? பிள்ளையாக வந்தவர்தானே செய்ய வேண்டும். தைப்பூசத்தன்று சாமி குளத்தில் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும் வழியில் ராஜா இறந்த சேதி வரும். அதற்கு மேல் மேளம் கிடையாது, சத்தமில்லாமல் சாமி கோயிலுக்குப் போகும். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றுக்கு வந்து திதி கொடுக்கும்.

பெருமாள் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

"ராஜா போயி எத்தன காலம் ஆச்சு. இன்னுமா கொடுக்குறாரு?"

"புள்ளையாச்சே. எப்படி வுடுவாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் மாசி மகம். காலை எட்டு மணிக்கெல்லாம் ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிட்டோம். மணலூர்பேட்டை ரோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான். வழியெல்லாம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு ஜனங்கள் காத்திருந்தார்கள். ஆட்டோக்காரர், சாமி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றுதான் வரும், வந்து சேர மத்தியானம் ஆகும் என்றார். தன் சம்சாரமும் விடிகாலையிலேயே தாம்பாளத்தோடு உட்கார்ந்துவிட்டதாகவும், தனக்கு இன்று பழையதுதான் என்றும் சிரித்தார்.

பள்ளிகொண்டாப்பட்டு ஆறான கௌதம நதியில் மணல் ஜாஸ்தி, தண்ணீர் கம்மி. நடுவில் முழங்கால் அளவுக்கு ஓடியது. கரையில் பந்தல். சம்மந்தனூர்க்காரர்கள் ராஜாவுக்கு உறவுமுறையாம், சீர்த் தட்டோடு வந்திருந்தார்கள். நம் வீட்டுச் சாவுக்குச் சம்பந்தி வீட்டார் வருவது போலவே, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வெயில் தலைக்கு மேல் ஏறியபோது சாமி வந்தார். எந்நேரமும் பட்டும் நகையுமாக, அலங்காரத்தில் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஆற்று மணலில் இறக்கி வைத்த சாமி வேறு மாதிரி தெரிந்தார். ஊருக்கெல்லாம் படியளக்கிறவர், ஒரு மனுஷனுக்குப் பிள்ளையாக, பிண்டம் வைக்க வந்து காத்திருக்கிறார். எள், தர்ப்பை, அரிசி, எல்லாம் நம் வீட்டில் வைக்கிற அதே சாமான். சிவாச்சாரியார் சாமிக்காக மந்திரம் சொன்னார். அத்தனை ஆயிரம் ஜனத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

சாமியோடு வந்த திரிசூலத்தை ஆற்றில் முழுக்காட்டினார்கள். உடனே ஜனங்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். பெருமாள் அண்ணன் மட்டும் தூரத்தில், கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, யாரோ உத்தரவு கொடுக்க வேண்டும் என்பது போல் நின்றார். என் வீட்டுக்காரர் திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்தார்.

"வாங்கண்ணா. அவரு கொடுக்கறப்பவே நம்மளும் கொடுத்துடலாம். ஊரு கேட்டா எங்க ஊர சொல்லுங்க."

"அது பொய்யாயிடாதா?"

"இந்த ஜில்லாதானே. யாரு கண்டது?"

இரண்டு பேரும் இறங்கினார்கள். அண்ணன் கை நிறைய தண்ணீர் எடுத்துச் சாமி இருந்த பக்கம் பார்த்து எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார். பிறகு, "ஆயா... பெரிய ஐயா..." என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி ஆற்றில் சேர்ந்தது. மூன்று தரம் எடுத்து விட்டார். கடைசியில் முழங்கால் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய் ஓடினேன். ஒன்றுமில்லை, அழுதுகொண்டிருந்தார்.

கரையேறி வேட்டியைப் பிழியும்போது என்னைப் பார்த்துக் கேட்டார். "நாங்க அங்க உக்காந்து இந்த ஊரையே நெனச்சோம்மா. எங்க ஆளுங்கள இங்க யாராச்சும் தேடினாங்களா?"

எங்கள் ஊரிலிருந்தும் ஜனங்கள் போயிருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் துண்டை உதறி அவரிடம் கொடுத்தார். "தேடினாங்களான்னு தெரியாதுங்கண்ணா. எங்க வூட்ல அமாவாசைப் படையலுக்கு ஒரு இலை ஜாஸ்தி போடுவோம். எங்க அம்மா காலத்துலயே அப்படித்தான். யாருக்குனு கேட்டா, வராதவங்களுக்குனு சொல்லும். அதுக்கு மேல அம்மாவுக்கும் தெரியாது."

"அந்த இலையில என்ன வைப்பீங்க?"

"கேவுரு களி. மத்த இலைக்கெல்லாம் சோறு."

பெருமாள் அண்ணன் தலையை ஆட்டினார். தோட்டத்தில் அரிசி கொடுத்தாலும் அந்த இரண்டு பேரும் கேழ்வரகு கேட்டு அழுவார்களாம், வளர்த்தவர்கள் சொன்னதாகத் தன் தாத்தா சொல்வார் என்றார். அவர் எங்கள் ஊர்க்காரராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பஞ்ச காலத்தில் இந்த ஜில்லா முழுக்கக் கேழ்வரகுதான். எது நிஜம் என்று அண்ணாமலையாருக்குத்தான் தெரியும்.

மாலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பிரிந்தோம். அவருக்குச் சென்னை வண்டி, எங்களுக்குப் போளூர் வண்டி. எங்கள் வண்டி முதலில் கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வண்டிக் கண்டக்டர் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். அண்ணன் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த இலையை நான்தான் போடுகிறேன். மற்ற இலைகளைப் பெரியவர்கள் படத்துக்கு முன்னால் வரிசையாகப் போட்டு, இதைக் கதவோரம் தரையில் தள்ளிப் போடுவேன். மாசி மகம் கழிந்து வந்த அமாவாசையன்று களியைக் கிளறி, உருண்டை பிடித்து, எப்போதும் போல் கதவோரம் இலையைப் போட்டு வைத்தேன். பிறகு திரும்பி வந்து, பரணிலிருந்து மணைப் பலகை இரண்டை இறக்கித் துடைத்து, ஆயாவும் பெரிய ஐயாவும் உட்கார அந்த இலைக்கு எதிரில் போட்டேன்.