கரையாத வலது கை

கிரேக்க நாட்டுத் தெசாலி மலையடிவாரத்து எங்கள் ஊரில் கல்லறைக்கு இடம் குறைவு. புதைத்து மூன்று வருடம் ஆனதும் தோண்டி, எலும்புகளைத் திராட்சை மதுவில் கழுவி, தகரப் பெட்டியில் வைத்துவிடுவோம். முப்பது வருடமாகத் தோண்டுவதும் கழுவுவதும் ஸ்டமாட்டாதான்.

எலும்பு மஞ்சளாக, சுத்தமாக வந்தால் ஆத்மா இளைப்பாறிவிட்டது என்பார் பாதிரியார் ஃபோடிஸ். உடல் கரையாமல் கிடந்தால், செத்தவரை யாரோ இன்னும் மன்னிக்கவில்லை என்பார். முகம் வெளுத்து நிற்கும் குடும்பத்திடம் ஸ்டமாட்டா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொல்வாள்: “பாவமும் இல்ல, சாபமும் இல்ல. இது களிமண்ணு. தண்ணி வடியல, அவ்வளவுதான்.”

ஈஸ்டருக்குக்கூட அவள் கோயிலுக்குள் போவதில்லை. அவளுக்கென்று இருந்தது ஒரே விதி: செத்தவர்களிடம் பொய் சொல்லக் கூடாது.

“உன் மதத்துல மொத்தம் ஒரே ஆளா?” என்று பாதிரியார் சீண்டுவார்.

“ரெண்டு பேரு ஆயிட்டா ஒரு சாமியார் வேணுமே, சாமி.”

போன அக்டோபரில் அவள் கணவன் லாம்ப்ரோஸின் முறை வந்தது. சொந்தங்கள் சுற்றி நிற்க, காலை பத்து மணிக்கு அவளே தோண்டினாள். மண்டை ஓடு சுத்தமாக வந்தது. விலாவும் கால்களும் வந்தன. இடது கை விரல் விரலாக உதிர்ந்தது. வலது கை மட்டும் முழங்கையிலிருந்து தோலோடு, நகத்தோடு, விரல்கள் மடங்கியபடி கிடந்தது. கல்யாண மோதிரம் சதையை இறுக்கிக்கொண்டு இருந்தது.

எல்லோரும் ஸ்டமாட்டாவைப் பார்த்தார்கள். அவளுக்கு இடது காது கேட்காது. எந்தக் கை அறைந்ததில் அது போனது என்று ஊருக்கே தெரியும்.

நாத்தனார் எவாந்தியா அழுதாள். “ஒரே வார்த்தை, அண்ணி. மன்னிச்சேன்னு சொல்லுங்க. எங்க அண்ணன் போகட்டும்.”

பாதிரியார் இரக்கப்பட்டுக் குறுக்கே வந்தார். “களிமண்ணும்மா. நீயே சொல்வியே.”

ஸ்டமாட்டா அந்தக் கையின் அடியிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி நசுக்கினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

“இது மணல், சாமி.”

எவாந்தியா குழியின் விளிம்புக்கு வந்தாள்.

“வாயால சொன்னாப் போதும், அண்ணி!”

“உனக்குப் போதும். கேட்டுக்கிட்டு இருக்கறது அவரு.”

மற்ற எலும்புகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்கினாள். கையைக் குழியிலேயே விட்டு மண்ணைத் தள்ளினாள். பிறகு மண்டியிட்டு, கேட்கும் காதை மண்ணில் வைத்துச் சற்று நேரம் இருந்தாள்.

“இன்னும் இல்ல,” என்றாள் மண்ணிடம்.

வாராவாரம் போய் அதையே சொல்லிவிட்டு வருகிறாள். மற்றவர்களின் குழியில் ஏதாவது கரையாமல் கிடந்தால், களிமண் என்று இப்போது அவள் சொல்வதில்லை. நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறாள்.

“உங்கள்ல யாரு?”